பரவை அழகுமலை, ஐம்பத்தொரு ரூபாய்

மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் முத்துப்பாண்டி வேறு ஆள். சாதாரணமாகப் பேசும்போது பாதி வார்த்தையை விழுங்குகிறவன், மொய் வாசிக்க உட்கார்ந்தால் நாலு தெரு தாண்டிக் கேட்கும். மதுரைக்கு மேற்கே எந்த ஊரில் காதுகுத்து, புதுவீடு, கிடாவெட்டு என்றாலும் பந்தல் வாசலில் மேசை போட்டுவிடுவார்கள். பணத்தை எண்ணுகிறவர் ஒரு பக்கம், நோட்டில் எழுதுகிறவர் ஒரு பக்கம், நடுவில் இவன். ஊர், பேர், தொகை மூன்றையும் இழுத்து ராகம் போட்டு வாசிப்பான். பதினைந்து வருஷம் அதுதான் சோறு போட்டது.

இப்போது அந்தத் தொழிலை விட்டாயிற்று. நாலு வருஷத்துக்கு முன்னால், சேர்த்து வைத்த பணத்தோடு வங்கிக் கடனையும் போட்டு, நாகமலை புதுக்கோட்டை மெயின் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியைப் பிடித்து ‘குதூகலம்’ என்று குழந்தைகள் விளையாடும் இடம் ஒன்றைத் திறந்தான். காற்றடைத்த கோட்டை, பந்துக்குளம், ட்ராம்போலின், சறுக்கு, ஒரு பக்கம் பிறந்தநாள் கொண்டாட ஹால். ஒரு குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு இருநூறு ரூபாய், சாக்ஸுக்குத் தனிக் காசு. பெற்றோர் ஏசியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் வாங்காததைப் பெரிய தர்மமாகச் சொல்லிக்கொள்வான்.

இடத்தை ஓட்டியது என்னவோ அழகுமலைதான். பரவையிலிருந்து எக்செல் வண்டியில் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவான். ப்ளோயரைப் போட்டுக் கோட்டையை நிமிர்த்துவது, பந்துகளைக் கழுவுவது, வாந்தி எடுத்த பிள்ளைக்கு வாய் கழுவிவிடுவது, கிழிந்த வலையைத் தைப்பது எல்லாம் அவன் பாடு. மாதம் பதினாலாயிரம் சம்பளம். கூட்டிக் கேட்டதில்லை. கேட்கத் தெரியாதவன் என்று முத்துப்பாண்டி நினைத்துக்கொண்டிருந்தான். அழகுமலையின் மகள் தமிழ்வாணியும் முத்துப்பாண்டியின் மகள் சத்யப்ரியாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. இவள் கட்டணம் கட்டிப் படிக்கிறாள், அவள் அரசாங்க ஒதுக்கீட்டில் படிக்கிறாள். பள்ளி வேனில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து சீட்.

சத்யாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முத்துப்பாண்டிக்கு ஊரில் ஆயிரம் பட்டப்பேர் இருந்தது. மொய்க்காரன், வாய்க்காரன், கடன்காரன். எதற்கும் அவன் அசர மாட்டான். ஆனால் அவன் எதையாவது விளக்கும்போது சத்யா வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்ப்பாளே, அந்தப் பார்வைக்காக அவன் எதையும் செய்வான். “எங்கப்பாவுக்குத் தெரியாதது எதுவுமே இல்ல” என்று அவள் வேனில் சொல்லிக்கொண்டு வருவதாக டிரைவர் ஒருமுறை சொன்னபோது, வீட்டுக்கு வந்து மனைவி மீனாவிடம் அதை மூன்று தடவை சொன்னான். அந்தப் பார்வை போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய நாள் வந்தது.

இந்த வருஷம் விளையாட வரும் கூட்டம் குறைந்தது. கோச்சடையில் புதிதாக ஒருவன் இதைவிடப் பெரிய கோட்டை போட்டுவிட்டான். அப்போதுதான் முத்துப்பாண்டிக்கு அந்த யோசனை உதித்தது. விளையாட்டுக்கு இருநூறு கொடுக்க மூக்கால் அழுகிற பெற்றோர், ‘கற்றுக்கொடுக்கிறோம்’ என்றால் இரண்டாயிரம் கொடுப்பார்கள். பிறந்தநாளோடு பணத்தைப் பற்றிய பாடத்தையும் சேர்த்துவிட்டால்? பிறந்தநாள் பிள்ளையே மேசையில் உட்கார்ந்து மொய் வாங்கும், நோட்டில் எழுதும், மைக்கில் வாசிக்கும். வந்த பணத்தை முதலாகப் போட்டு அங்கேயே பாப்கார்ன் கடை, ஜூஸ் கடை நடத்தும். விளையாட்டுக்கு விளையாட்டு, படிப்புக்குப் படிப்பு. பேரும் வைத்துவிட்டான்: ‘குட்டி முதலாளி’. ஒரு பார்ட்டிக்கு இருபத்தைந்தாயிரம்.

முதல் பார்ட்டி சத்யாவின் பத்தாவது பிறந்தநாள். அது நன்றாக அமைந்தால் வருகிற பெற்றோரே அடுத்தடுத்துப் பதிவு செய்வார்கள். அழைப்பில் ‘பரிசுப் பொருட்கள் வேண்டாம், கவரில் அன்பளிப்பு போதும்’ என்று அச்சடித்தான்.

பதினைந்து நாள் சத்யாவுக்குப் பயிற்சி. தினம் சாயங்காலம் மைக்கைப் பிடிக்கக் கொடுத்தான்.

“ஊரு மொதல்ல, பேரு ரெண்டாவது, தொகை கடைசி. தொகைய முழுங்கக் கூடாது. சத்தமாச் சொல்லணும்.”

“ஏம்ப்பா சத்தமா?”

“அப்பத்தான் குடுத்தவுகளுக்கு மரியாதை. அம்புட்டு பேரும் கேக்கணும்ல. அப்பறம், யாரு எம்புட்டுக் குடுத்தாகளோ அம்புட்ட நாம திருப்பிச் செஞ்சிறணும். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். இதான் கணக்கு.”

சத்யா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

செலவு கையை மீறியது. பலூன் வளைவு, மூன்று தட்டு கேக், மந்திரக்காரர், வீடியோ. ஐந்தாம் தேதி சம்பளம் போட வேண்டிய நாள். கவுண்டரில் இருக்கும் இரண்டு பெண்களுக்கும் போட்டான். போடாவிட்டால் அவர்கள் அன்றைக்கே வாட்ஸப்பில் கேட்டுவிடுவார்கள். அழகுமலைக்கு மட்டும் போடவில்லை. “பத்தாம் தேதி தந்துர்றேன் அழகு, பார்ட்டி முடியட்டும்” என்றான். “சரிண்ணே” என்று சொல்லிவிட்டு அவன் பந்துகளைக் கழுவப் போய்விட்டான். மீனா ராத்திரிச் சாப்பாட்டில் “அழகுமலைக்குக் குடுத்தாச்சா?” என்று கேட்டதற்கு, “குடுத்தாச்சு” என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹால் நிறைந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்கள், பரவை மார்க்கெட்டில் மண்டி வைத்திருப்பவர்கள், வங்கிக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள். லாரி வைத்து ஓட்டும் வெள்ளைத்துரை, மகள் பவதாரிணியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு விடுதி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவர். அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் பத்து பார்ட்டி கிடைக்கும்.

சத்யா பட்டுப்பாவாடையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கவர் வர வர, பிரித்து எண்ணி, நோட்டில் எழுதி, மைக்கை வாயருகே கொண்டுபோய், அப்பன் இழுக்கிற அதே இழுப்பில் வாசித்தாள்.

“கோச்சடை வெள்ளைத்துரை மகள் பவதாரிணி, ரூவா ரெண்டாயிரத்து ஒண்ணு!”

ஹால் ஆர்ப்பரித்தது. பெரியவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று வாசிக்க வாசிக்கக் கைதட்டல். முத்துப்பாண்டி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சிரிப்பு வாயில் நிற்கவில்லை. தன் தொழில் மகளின் தொண்டையில் உட்கார்ந்திருப்பதைக் கேட்பது எந்த அப்பனுக்குத்தான் கசக்கும்?

அப்போது தமிழ்வாணி வந்தாள். அன்றைக்கு அவள் வேலைக்காரரின் மகளாக வரவில்லை, சத்யா கையால் எழுதிக் கொடுத்த அழைப்பில் தோழியாக வந்திருந்தாள். மஞ்சள் சுடிதார், தலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த காகிதத் தொப்பி. கவரை இரண்டு கையாலும் நீட்டினாள். அழகுமலை பின்னால் ஜூஸ் டம்ளர்கள் அடுக்கிய தட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

சத்யா பிரித்தாள். ஐந்து பத்து ரூபாய்த் தாள், ஒரு ஒரு ரூபாய்க் காசு. எண்ணினாள். சரியாக எழுதினாள். பதினைந்து நாள் படித்த பாடத்தை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தாள்.

“பரவை அழகுமலை மகள் தமிழ்வாணி, ரூவா அம்பத்தி ஒண்ணு!”

மொய் வாசிக்கிறவனுக்கு ஒரு தொழில் சுத்தம் உண்டு. ஐம்பது, நூறு எழுதியவர் வந்தால் ஊரையும் பேரையும் கணீரென்று சொல்லி, தொகை வரும்போது குரலை இறக்கி, அடுத்த பேரோடு சேர்த்து விட்டுவிடுவான். பந்தலில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பேர் கேட்கும், தொகை கேட்காது. கொடுத்தவர் தலைநிமிர்ந்து சாப்பிடப் போவார். முத்துப்பாண்டி பதினைந்து வருஷமும் அப்படித்தான் வாசித்தான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் செய்ததைப் பார்த்து வந்தது. மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவன் இதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. மறந்தேபோனான்.

முதலில் ஒரு பையன் சிரித்தான். “ஐஸ்கிரீமே அறுவது ரூவாடா” என்றான். அதற்குப் பிறகு நாலைந்து பிள்ளைகள் சிரித்தார்கள். சத்யாவுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. சந்தேகம் வந்தால் அப்பாவிடம் கேட்கிற பழக்கத்தில் மைக்கிலேயே கேட்டாள்.

“அப்பா, தமிழ் பர்த்டேக்கு நாமளும் அம்பத்தி ஒண்ணுதான செய்யணும்? கூடச் செய்யக் கூடாதுல்ல?”

ஹால் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. வெள்ளைத்துரை திரும்பினார். வீடியோக்காரன் கேமராவைத் திருப்பினான். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவன் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். மேசைக்குப் போய் மைக்கை வாங்கியிருக்கலாம். ‘தமிழு நம்ம வீட்டுப் புள்ள, அவகிட்ட என்ன மொய்யி’ என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கண் வெள்ளைத்துரையின் முகத்தைத்தான் பார்த்தது.

“ஆமாடா செல்லம்,” என்றான். “கணக்குன்னா கணக்குத்தான்!” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

பெரிய கைதட்டல். தமிழ்வாணி அழவில்லை. தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டாள். அழகுமலை கையிலிருந்த தட்டை எல்லாரிடமும் கொண்டுபோய் நீட்டி, டம்ளர் காலியாகிற வரைக்கும் நின்று கொடுத்தான். அதற்குப் பிறகுதான் மகளைத் தேடிக் கீழே போனான். கீழே போகும் முன் முத்துப்பாண்டியிடமும் ஒரு டம்ளர் நீட்டியிருந்தான். முத்துப்பாண்டி அதை வாங்கிக் குடித்தான்.

அழகுமலை ஏன் ஐம்பத்தொன்று எழுதினான் என்று அந்த ஹாலில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் வாயைத் திறக்காமல் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பார்ட்டி முடிந்ததும் வெள்ளைத்துரை வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “பிரமாதம்ணே. பிள்ளைகளுக்கு இப்பவே காசோட அரும தெரியணும். பவதாரிணிக்கு அடுத்த மாசம். சனிக்கெழம வாரேன், பேசி முடிச்சுருவோம்.” சொன்ன கையோடு போனிலேயே ஐயாயிரம் முன்பணம் அனுப்பினார். கவுண்டரில் இருந்த பெட்டி பணம் வந்துவிட்டதாக உரக்கச் சொன்னது. வேறு நாளாக இருந்தால் முத்துப்பாண்டி துள்ளியிருப்பான். அன்றைக்கு அந்தப் பெட்டியின் சத்தம் அவனுக்கு நாராசமாக இருந்தது.

எல்லாரும் போன பிறகு மொய்க் கவர்களிலிருந்தே பதினாலாயிரத்தை எடுத்துக்கொண்டு, கோட்டையின் காற்றை இறக்கிக்கொண்டிருந்த அழகுமலையிடம் போனான்.

“பத்தாம் தேதின்னுல்லண்ணே சொன்னீங்க?”

“வச்சுக்க. இன்னிக்கு நடந்தது... பாப்பாவுக்குத் தெரியாது அழகு. சின்னப் புள்ள.”

“பாப்பா என்னண்ணே செய்யும். சொல்லிக் குடுத்தத வாசிச்சுச்சு.” அழகுமலை பணத்தை எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தான். “நான்தான் தமிழுகிட்டச் சொன்னேன், மாசக் கடைசிப்பா, யார்கிட்டயாச்சும் கைமாத்து வாங்கி ஐநூறா வைப்போம்னு. அது கேக்கல. கடன் வாங்கி மொய் செய்யக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல சத்யா சொல்லுச்சாம். அது உண்டியல ஒடச்சு அதுல இருந்ததக் கொண்டாந்துச்சு.”

மாதக் கடைசி இல்லை, எட்டாம் தேதி. சம்பளம் வராதவனுக்கு எல்லாத் தேதியும் மாதக் கடைசிதான். அழகுமலை அதைக் குத்திச் சொல்லவில்லை, அவன் வாயில் இயல்பாக வந்தது. முத்துப்பாண்டிக்கு அந்த இடத்திலேயே கோட்டையோடு சேர்ந்து தானும் சுருங்கிப் போனால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் சத்யா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மீனா பின்னால் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

“அப்பா, தமிழ் அப்பாவுக்குக் காசு சேக்கத் தெரியாதாப்பா?”

“ஏன்டா?”

“அம்பத்தி ஒண்ணுதான எழுதுனாங்க. பவா அப்பா ரெண்டாயிரம். அவங்களுக்கு நாம கிளாஸ் எடுக்கலாம்லப்பா? பாவம்.”

முத்துப்பாண்டிக்குக் காது சுட்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போது நிஜமாகவே நினைத்தான். அழகுமலை ஏமாளி என்று மகள் நினைத்துக்கொண்டு வளர்வதைவிட அது மேல். வாயைத் திறந்தான்.

“அவருக்குச் சம்பளம் வரலடா. அதான்.”

“யாரு குடுக்கணும்?”

“நான்தான்.”

சத்யா திரும்பி அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்த அந்தப் பார்வை இல்லை, புருவம் சுருங்கிய வேறு ஒரு பார்வை. முத்துப்பாண்டி பயந்துவிட்டான். நாலு பேர் முன்னால் கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடித்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. பயத்தில் வாய் தன் பாட்டுக்கு ஓடியது.

“அதுக்குப் பேரு ரொட்டேஷன்டா. பிசினஸ்ல எல்லாரும் செய்யிறதுதான். ஒருத்தருக்குக் குடுக்க வேண்டியதக் கொஞ்ச நாள் நிப்பாட்டி வச்சு, வேற எடத்துல போட்டு, அது பெருகி வந்ததும் அவருக்குக் குடுத்துர்றது. இப்பக் குடுத்துட்டேன். எல்லாருக்கும் லாபம். புரியுதா?”

சுருங்கிய புருவம் மெல்ல விரிந்தது. “ஓ... அவங்க காச வச்சுத்தான் கேக்கு வாங்குனோமா? சூப்பர்ப்பா!” வாய் திறந்துகொண்டது. அண்ணாந்து பார்த்தாள்.

அவன் எதற்காகப் பொய் சொன்னானோ அது கிடைத்துவிட்டது. கிடைத்ததைப் பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். வீடு வரும் வரைக்கும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தூக்கமா என்று அவள் கேட்டதற்கு ஆமாம் என்றான்.

திங்கட்கிழமை அழகுமலை வழக்கம்போல வந்தான், பந்துகளைக் கழுவினான். முத்துப்பாண்டி அவன் இருக்கும் பக்கம் போகாமல் கவுண்டரிலேயே கிடந்தான். வேலை ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தாலும் கவுண்டர்ப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினான். புதன்கிழமை சத்யா பள்ளியிலிருந்து வந்து, தமிழ் வேனில் வேறு சீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். “நான் அவளுக்கு சப்போர்ட்டாத்தான் பேசுனேன். அப்பயும் போயிட்டா” என்றாள். என்ன பேசினாய் என்று மீனா கேட்பதற்குள் டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. முத்துப்பாண்டி கேட்கவில்லை. கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெள்ளைத்துரை மனைவியோடும் மகளோடும் வந்தார். பள்ளி விடுமுறை என்பதால் சத்யாவும் இருந்தாள். அழகுமலை பக்கத்திலேயே ப்ளோயரைப் போட்டுக் கோட்டையை நிமிர்த்திக்கொண்டிருந்தான். மீதிப் பணத்தைப் பேசி முடித்து, மெனு பார்த்து, கேக் எத்தனை தட்டு என்பதெல்லாம் முடிந்தது. எழுந்திருக்கும்போது வெள்ளைத்துரை சத்யாவின் கன்னத்தைத் தட்டினார்.

“குட்டி மொதலாளி! அங்கிளுக்குச் சொல்லு, அன்னிக்கு என்னென்ன கத்துக்கிட்ட?”

சத்யா நேராக நின்றுகொண்டாள். வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஊரு, பேரு, தொகை சத்தமாச் சொல்லணும். வாங்குனதத் திருப்பிச் செய்யணும். அப்பறம் ரொட்டேஷன், அங்கிள். வேலை பாக்குறவங்களுக்கு சம்பளத்த நிப்பாட்டி வச்சா பார்ட்டியப் பெருசாப் பண்ணலாம். நாங்க தமிழ் அப்பா சம்பளத்துலதான் கேக்கு வாங்குனோம். கிளாஸ்ல எல்லாரும் தமிழ ‘அம்பத்தி ஒண்ணு, அம்பத்தி ஒண்ணு’ன்னு கூப்புட்டாங்களா, நான்தான் எந்திரிச்சு எல்லாருக்கும் சொன்னேன், அவங்க ஏழையில்ல, அவங்கப்பா சம்பளத்த எங்கப்பா ரொட்டேஷன்ல விட்டிருந்தாருன்னு.”

“ஆமாப்பா, நான் உங்கட்டச் சொன்னேன்ல,” என்றாள் பவதாரிணி.

ப்ளோயர் இரைந்துகொண்டிருந்தது. அழகுமலை குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. ஆக, வகுப்புக்குத் தெரியும். நாற்பது வீட்டுக்குத் தெரியும். இந்த மனிதருக்கும் தெரிந்துதான் இங்கே வந்திருக்கிறார். முத்துப்பாண்டி அவர் முகத்தைப் பார்த்தான். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

வெள்ளைத்துரை கடகடவென்று சிரித்தார். “கெட்டிக்காரி! தொழில்னா இதெல்லாம் சகஜந்தானண்ணே. நானும் டிரைவர்களுக்குப் பத்து நாளு தள்ளித்தான் குடுப்பேன். நம்மளுக்கு முப்பது வயசுல தெரிஞ்சது, இதுகளுக்குப் பத்து வயசுலயே தெரிஞ்சுருது பாருங்க.” முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு விழுந்த இடம் முத்துப்பாண்டிக்கு எரிந்தது.

சத்யா அவனை அண்ணாந்து பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. வாய் திறந்திருந்தது.

“சத்யா,” என்றான். மைக் குரல் வரவில்லை, பாதி வார்த்தையை விழுங்குகிற குரல்தான் வந்தது. “நான் சொன்னது தப்புடா. அது ரொட்டேஷன் இல்ல. அந்த மாதிரி ஒண்ணும் கெடையாது. அழகுமலை கேக்க மாட்டாப்லன்னு தெரிஞ்சு, அவரு காச எடுத்துக்கிட்டேன். கேக்குறவங்களுக்கெல்லாம் குடுத்தேன். அவருக்கு மட்டும் குடுக்கல.”

“அண்ணே, புள்ளகிட்டப் போயி எதுக்கு...” என்றார் வெள்ளைத்துரை.

“நீங்க உங்க முன்பணத்த வாங்கிக்கங்க. இந்தப் பார்ட்டிய நான் நடத்தல.”

அவர் ஏற இறங்கப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “என்னமோ போங்கண்ணே, கோச்சடையில பாத்துக்கிறோம்” என்று மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். முத்துப்பாண்டி அங்கேயே நின்று ஐயாயிரத்தைத் திருப்பி அனுப்பினான். அனுப்பிவிட்டு, அழகுமலையின் பக்கம் திரும்பினான்.

“அழகு, மன்னிச்சுக்கப்பா.”

அழகுமலை நிமிர்ந்தான். “சரிண்ணே” என்றான். சம்பளம் தள்ளிப் போகும் என்று சொன்னபோது சொன்ன அதே சரிண்ணே. அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வராது என்று முத்துப்பாண்டிக்குத் தெரிந்தது.

சத்யா அசையாமல் நின்றிருந்தாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது. அவள் எழுந்து நின்று ஒப்பித்தது, வகுப்பில் எல்லாரும் கேட்டது, தமிழ் வேறு சீட்டுக்குப் போனது எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குள் இடம் மாறுவதை அவனால் பார்க்க முடிந்தது. பத்து வயதுப் பிள்ளை வெட்கத்தில் காது மடல் வரை சிவப்பதை அவன் அதுவரை பார்த்ததில்லை. அது அவன் கொடுத்தது.

“அப்ப நான் கிளாஸ்ல எந்திரிச்சுச் சொன்னது?” என்றாள்.



அவள் அழகுமலையிடம் போனாள். “தமிழ் வீட்ல இருக்காளா?”

“இருக்கா பாப்பா.”

“என்னயக் கூட்டிட்டுப் போறீங்களா?”

அழகுமலை முத்துப்பாண்டியைப் பார்த்தான். முத்துப்பாண்டி அவசரமாகச் சாவியை எடுத்தான். “வாடா, வண்டி கீழதான் நிக்குது. அப்பாவும் வாரேன். நானே தமிழுகிட்டச் சொல்லுறேன், சேந்து போவோம்.”

“நீங்க வர வேணாம்ப்பா.”

கோபமாகச் சொல்லவில்லை. கூச்சத்தோடு, பக்கத்தில் இருப்பவர் காதில் விழக் கூடாது என்கிற மாதிரி தாழ்ந்த குரலில் சொன்னாள். அழகுமலையின் பின்னாலேயே படியிறங்கி, எக்செல் வண்டியில் ஏறி, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி மெயின் ரோட்டில் ஏறிப் பரவைப் பக்கம் திரும்பியது. முத்துப்பாண்டி மாடி ஜன்னலில் நின்று பார்த்தான். அவள் ஒருமுறையாவது அண்ணாந்து பார்ப்பாள் என்று நின்றான். பார்க்கவில்லை.